எந்த மார்கரெட்?

என் பிரியமான ஜெபராஜ் மாப்ளே,

தீவிலிருந்து உனக்குப் பதில் வந்துவிட்டது. நீ கேட்டு எழுதி எட்டு மாதம் ஆகிறது. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உன் மகள் எஸ்தர்தான் உன் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து, அச்செடுத்து, ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

உங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் மார்கரெட் அம்மா, ஸ்காட்லாந்தில் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். இங்கே வந்து, மம்சாபுரம் வரை மாட்டு வண்டியில் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட ஆசைப்பட்டாய். அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் பழைய பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். மில்லில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற நீ, தினமும் காலையில் அகராதியோடு உட்கார்ந்து அவற்றைப் படித்தாய்.

பள்ளிக்கூட வாத்தியாரின் நாட்குறிப்பை போனில் எனக்கு வாசிப்பாய். வகுப்பில் கணப்பு மூட்ட ஒவ்வொரு பிள்ளையும் விறகுபோல எரியும் காய்ந்த மண்கட்டி ஒன்று கொண்டுவர வேண்டுமாம். மழையில் கட்டி நனைந்த நாளில் நடுங்கிக்கொண்டே கணக்குப் போட்டார்களாம். கிழங்கு தோண்டுகிற வாரம் ஒரு பிள்ளையும் வரவில்லையாம். "ஏலே மச்சான், இது தீவு இல்லலே, மகாராஜபுரம்! நடவுக் காலத்துல நம்ம பள்ளிக்கூடமும் இப்படித்தானே கெடந்துச்சு" என்று நாம் ஒன்றாகப் படித்த ஊரை நினைத்துச் சிரித்தாய்.

நான் உன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் நீ சிரிக்கவில்லை. தீவுச் சபை மூப்பர்களின் கூட்டக் குறிப்பு ஒன்றைக் காட்டினாய். கல்யாணமாகாமல் கர்ப்பமான ஒரு பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். பெயர் மார்கரெட். அம்மாவின் கல்லறைக் கல்லில் இருக்கும் அதே அப்பா பெயர். வயதும் ஏறக்குறைய ஒத்துவந்தது.

"இத எழுதிராத மச்சான். அங்க ஒரு அம்மா இந்தப் பதிவெல்லாம் பாத்துக்கிடுதாவ. அவியட்ட கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரட்டும், செத்த பொறு."

"பேரு, அப்பா பேரு, ஊரு. மூணும் ஒத்துவருதுல்லா. இதுக்கு மேல என்னலே வேணும்?" என்றேன்.

நான் பொறுக்கவில்லை. நான் வாராவாரம் எழுதும் பத்திரிகையில் அடுத்த ஞாயிறே அது அச்சில் வந்தது. தீவில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர் என்று எழுதினேன். உருக்கமாக எழுதியிருப்பதாகத்தான் நினைத்தேன்.

சபை கொதித்துப்போனது. யார் இதைப் பத்திரிகைக்குக் கொடுத்தது என்று கேட்டபோது, நீ எழுந்து "நான்தான் காட்டுனேன்" என்று மட்டும் சொன்னாயாம். எழுதாதே என்று என்னிடம் சொன்னதை அங்கே ஏன் சொல்லவில்லை மாப்ளே? இருபது வருஷம் நீ எழுதிவந்த சபைப் பதிவேட்டை அன்றே உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என் போனை நீ எடுக்கவே இல்லை.

பதிலில் இருப்பது இதுதான். அந்தத் தீவில் தாத்தா பாட்டி பெயரையே பேரப்பிள்ளைகளுக்கு வைப்பார்கள். அதனால் ஒரே காலத்தில், ஒரே பெயருள்ள மூன்று அப்பாக்களுக்கு மூன்று மார்கரெட்டுகள் இருந்திருக்கிறார்கள். கிணற்று வீட்டு மார்கரெட், கரை வீட்டு மார்கரெட், மேட்டு வீட்டு மார்கரெட் என்று ஊருக்குள் கூப்பிடுவார்களாம். பதிவேட்டில் வீட்டுப் பெயரை எழுத மாட்டார்கள். மூப்பர்கள் விசாரித்தது கரை வீட்டுப் பெண்ணை. அவள் தீவை விட்டு எங்கேயும் போனதில்லை. நம் அம்மா மேட்டு வீடு.

வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். என் அக்கா பெயர் ஆண்டாள். எங்கள் தெருவில் மட்டும் நாலு ஆண்டாள். "பம்படி ஆண்டாளா, டீச்சர் ஆண்டாளா?" என்று கேட்காமல் எங்கள் தபால்காரர் ஒரு கவரைக்கூடக் கொடுத்ததில்லை. தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவன், தேவைப்பட்ட ஒரு நாள் அதைக் கேட்கவில்லை.

மறுநாளே திருத்தம் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். எஸ்தரிடம் வாசித்துக் காட்டினேன். 'ஒழுக்கம் தவறியவர் வேறொரு மார்கரெட்' என்று ஆரம்பித்திருந்தேன். அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவ நல்லவராக்குததுக்கு அந்தப் பொம்பளைய எதுக்கு மாமா மறுபடி இழுக்கீங்க? அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால நிறுத்தி வச்சது போதாதா?"

கரை வீட்டுப் பெண்ணின் பிள்ளை என்ன ஆனது என்று அந்தக் கடிதத்தில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அவளிடம் யார் மன்னிப்புக் கேட்பது? மேட்டு வீட்டு அம்மாவுக்கே ஒரு பிள்ளை இருந்திருந்தால்தான் என்ன? இங்கே அவர் கையில் பிறந்த பிள்ளைகள் இல்லாமல் போய்விடுவார்களா?

வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். தவறியவள் யார் என்று அதில் இல்லை. தவறியவன் யார் என்று மட்டும் இருக்கிறது. எழுதாதே என்று நீ தடுத்ததும் இருக்கிறது. முதலில் வந்த அதே பக்கத்தில் அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையிலேயே வாசிக்கவும் போதகர் ஐயா சம்மதித்துவிட்டார்.

நேற்று அவர் பதிவேட்டைக் காட்டினார். உன் அடக்கம் வேறு யாரோ கையெழுத்தில் இருக்கிறது. ஜெபராஜ், அப்பா பெயர், வயது. அவ்வளவுதான். அதே புத்தகத்தில் இன்னும் இரண்டு ஜெபராஜ் இருக்கிறார்கள். ஒருவருடைய அப்பா பெயரும் உன் அப்பா பெயர்தான். அந்தப் பக்கத்தை விட்டு நெடுநேரம் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஞாயிறன்று வாசித்து முடித்ததும், உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்பேன். எஸ்தரின் அப்பா, மில் ரைட்டர், இந்தப் பதிவேட்டை இருபது வருஷம் எழுதியவர். நாளைக்கு என்னை மாதிரி ஓர் அவசரக்காரன் உன்னைத் தேடி வந்தால், எந்த ஜெபராஜ் என்று தடுமாறக் கூடாது. சேர்ப்பதற்கு முன் எஸ்தரிடம் காட்டுவேன். அவள் சரி என்று சொல்லும் வரை பொறுப்பேன் மாப்ளே, எத்தனை நாள் ஆனாலும்.

நீ போனை எடுக்காமல் விட்டுப்போன
உன் மச்சான்,
முத்தையா