வரிசைக்காரிக்கு ஒரு துறை

ஜூன் 3

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறார்கள். அவள் பக்கத்தில், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய புத்தகத்தை இரண்டாம் முறையும் முடித்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க, வரிசையில் நின்று காத்திருப்பவர்களைப் பற்றியே யோசித்து இதை எழுதிய அந்த அம்மாளுக்கு உங்கள் கல்லூரியில் "வரிசைக்காரி" என்று கேலிப்பெயர் என்றீர்களே, எனக்குக் கோபமாக வந்தது. அவர் இறந்து இத்தனை வருடமாகியும் எந்தத் துறையும் அவரைப் பாடமாக வைக்கவில்லையாமே! அடுத்த வாரப் பாடத்திட்டக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்: அவர் தத்துவத்துக்கும் சமூகவியலுக்கும் உளவியலுக்கும் இலக்கியத்துக்கும், எல்லாவற்றுக்குமே சொந்தம். இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "அந்த அம்மாளுக்கு வேற வேலை இல்லையாடி?" என்கிறாள். நீங்கள் கடிதம் போட்டு நாளாயிற்று என்ற குறையும் அவளுக்கு உண்டு.

உங்கள் அன்பு மகள்,
கேள்விமூட்டை

ஜூன் 14

கேள்விமூட்டைக்கு,

நான் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான் என்று அக்காவிடம் சொல்.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். கை தட்டினார்கள். பிறகு சமூகவியல் தலைவர், "எல்லாருக்கும் சொந்தம்னா நல்லதாப் போச்சு, தத்துவத்திலயே வச்சுக்கங்க" என்றார். எங்கள் தத்துவத் துறைத் தலைவர், "எங்களுக்கு எதுக்கு? உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். உளவியல்காரர், "பரிசோதனை ஒண்ணுகூட இல்லையேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார். இலக்கியத்தில் ஒருவர் மட்டும், "நடை நல்லாருக்கு" என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது.

எல்லார் வீட்டுக்கும் உறவு என்று சொல்லி ஒருத்தரைத் தெருவில் நிறுத்திவிட்டோம், நீயும் நானும்.

மாதக் கடைசியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆனால் தலைவரைப் பகைத்துக்கொண்டு என்னத்தைக் காணப்போகிறேன்? விட்டுவிடலாம் கண்ணு. நீ பரீட்சைக்குப் படி.

சித்தி

ஜூன் 18

அன்புள்ள சித்திக்கு,

விட மாட்டேன். தப்பு என் வாதத்தில்தான், அவரிடம் இல்லை.

மறுபடி உட்கார்ந்து படித்தேன். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவர் எங்குமே எண்ணவில்லை. நிற்கும்போது மனசு என்ன பாடுபடுகிறது என்றும் விசாரிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: காத்திருக்கிறவரின் நேரம் யாருக்குச் சொந்தம்?

நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா, "டாக்டருக்கு நேரமில்ல, எல்லாரும் உக்காருங்க" என்றார். கூடம் நிறைய இருந்த நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தோம். ஒருவருடைய நேரத்துக்காக இத்தனை பேருடைய நேரம் கணக்கில்லாமல் போவது எப்படி நியாயமாகிறது? நாங்களே ஏன் அதற்குச் சம்மதிக்கிறோம்? ஆள் எண்ணியோ பரிசோதனை செய்தோ இதற்குப் பதில் வராது சித்தி. யோசித்துத்தான் ஆகவேண்டும். அதற்குப் பெயர் தத்துவம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் தத்துவம்?

மற்றத் துறைகள் வேண்டியதை வந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் "இவர் எங்களவர்" என்று மட்டும் சொல்லுங்கள். தலைவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

சின்ன வாயில் பெரிய பேச்சு என்று அம்மா திட்டுகிறாள். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கி வந்தது அவள்தான்.

உங்கள்
கேள்விமூட்டை

ஜூலை 2

கண்ணு,

உன் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டேன். "இதை யாரு சொன்னது?" என்றார் தலைவர். "பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு சார். பதில் சொல்லுங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

கடைசியில், "சரி, நம்ம ஆளுதான். ஆனா பாடத்தில ஆறு பேருக்குத்தான் இடம். யாரை நீக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

வருடக்கணக்காக ஆராய்ந்து நான் முனைவர் பட்டம் வாங்கினேனே, அந்த மேதையின் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது, உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை; வீட்டுக்கு வந்ததும் என் ஆய்வேட்டை எடுத்து ஒருமுறை புரட்டினேன்.

இந்த மாதமே வகுப்பு. பழைய குறிப்புகளையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கையில் ஒரு வரிகூட இல்லை. அந்த அம்மாள் புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயம் எனக்குப் பிடிபடவில்லை. உனக்கு எங்கே இடறுகிறது என்று உடனே எழுது. பரீட்சைக்குப் படி என்று இந்தமுறை சொல்லமாட்டேன்.

சித்தி