பதினோராம் கேள்வி

ஜூன் 9, திங்கள்

பகலெல்லாம் காற்று. குழாயில் கலங்கல் தண்ணீர், மலையில் மழை போலிருக்கிறது. நாளை வேதியியல் டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை.

அம்மாவுக்கு நான்காம் மாதம். வயது முப்பத்தொன்பது. நான் பிளஸ் ஒன். விஷயம் தெரிந்தவர்கள்: அம்மா, மாசியில் லீவுக்கு வந்துவிட்டு மஸ்கட் திரும்பிய அப்பா, நான், இன்சூரன்ஸ் ஏஜென்ட் அண்ணாச்சி (இனி ஏ.அ.). பள்ளியில் தெரிந்தால் செத்தேன்.

சாயங்காலம் ஏ.அ. வந்தார். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. படிவத்தை நான்தான் நிரப்பினேன். பதினோராம் கேள்வி: தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?

“இல்லைன்னு போடு தாயி. ஆமான்னா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். மைனி, போன் வரும். கேட்டா அதையே சொல்லிருங்க.”

அம்மா பேனாவை என் பக்கம் தள்ளினாள். போட்டேன்.

அவள் பயம் தெரியும். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தம்பி ஏழாம் மாதமே பிறந்தான். கண்ணாடிப் பெட்டியில் நான்கு நாள். பெயர்கூட வைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கடனை அடைக்கத்தான் அப்பா மஸ்கட் போனது.

ஜூன் 11, புதன்

டெஸ்டில் 50-க்கு 19.

பள்ளி விட்டு வந்ததும் போன். அம்மா கொல்லையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். போனை நான் எடுத்தேன்.

“மாரிச்செல்வி மேடமா? இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது.”

என் குரலும் அம்மா குரலும் ஒன்று. அப்பாவே ஏமாறுவார். “ஆமா, நான்தான் பேசுதேன்.”

பிறந்த தேதி சொன்னேன். சர்க்கரை இல்லை. ஆபரேஷன் இல்லை. அப்புறம் அந்தக் கேள்வி.

“இல்லை.”

அம்மா வாயைத் துடைத்தபடி வந்தாள். “யாருட்டி?”

“கம்பெனி. நானே சொல்லிட்டேன்.”

“நல்லதாப் போச்சு. எனக்கு வாய் வந்திருக்காது.”

எனக்கு வந்தது. சொன்ன அந்த நொடி, நிஜமாகவே ஒன்றும் இல்லை என்பது போல நிம்மதியாக இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஜூன் 12, வியாழன்

படிவத்தின் நகலில் பொடி எழுத்து: தகவல் பொய் என்று தெரிந்தால் எந்தச் செலவும் தரப்படாது.

ஏ.அ.-வைத் தெருமுனையில் பிடித்துக் கேட்டேன். “எல்லாரும் இப்படித்தான் போடுதாவ. நீ என்ன பெரிய வக்கீலா?”

அப்படியானால் அம்மா நம்பியிருப்பது வெறும் தாள். கர்ப்பத்தை இன்னும் சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் பதியவில்லை; அவர் எங்கள் தெரு, ஊருக்கே தெரிந்துவிடும். கேட்டால் அம்மா, “இன்சூரன்ஸ் அட்டை வரட்டும், தனியார்ல பாத்துக்கிடலாம்.”

பருப்பு வாங்க வேண்டும். இயற்பியல் ரெக்கார்டு பாக்கி.

ஜூன் 14, சனி

அம்மாவுக்குக் கால் வீக்கம். விரலால் அமுக்கினால் குழி.

மொட்டைமாடிக்குப் போய்ப் படிவத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். வேறொரு பெண்.

“நான் அவங்க மக. அன்னைக்குப் பேசுனதும் நான்தான். அம்மாவுக்கு நாலு மாசம்.”

தட்டச்சுச் சத்தம் மட்டும். “உன் வயசு என்னம்மா?”

“பதினாறு.”

“விண்ணப்பத்த நிறுத்தி வைக்கிறோம். பிரசவம் முடிஞ்சு அம்மாவையே பேசச் சொல்லு. டாக்டர்கிட்ட காட்டுறீங்கல்ல?”

வைத்துவிட்டேன். அழுகை. கீழே அம்மா மிக்சி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

வாசலில் ஏ.அ. கத்தல். “உங்க மவ காரியத்தையே கெடுத்துட்டா மைனி!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் அடுக்களைக்குள்.

“அண்ணாச்சி, பைய பேசுங்க. எனக்கு நாலு மாசம். அதத்தான சொல்லியிருக்கா?”

அம்மா அதைப் பைய சொல்லவில்லை; எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அடிக்கவில்லை. திட்டவில்லை. இரவு தோசையை என் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பாதித் தோசையில் கேட்டாள்:

“கம்பெனில பேசுன பிள்ள வேறென்ன கேட்டா?”

“டாக்டர்கிட்ட காட்டுதோமான்னு.”

அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டபடி, “நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். எனக்குக் கூட வர யாரு இருக்கா? லீவு லெட்டர் எழுது.”

“என்ன காரணம் போட?”

“உள்ளதப் போடு.”

‘என் தாயார் கர்ப்பமாக இருப்பதால்’ என்று எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். இன்னும் அதை மடிக்கவில்லை.