பூசாத சுவர் பார்க்கப் போன மைனிக்கு

மைனி,

இன்று எதிர் மனையில் செங்கல் இறக்கி, குழாய் பிடித்து நனைத்தார்கள். ஈரச் செங்கல் வாசம் சமையலறைவரை வந்தது. தனியாக நின்று சிரித்தேன். "யார நெனச்சுச் சிரிக்க?" என்றாள் மகள். உங்களைத்தான்.

அண்ணன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. நாகர்கோவில் மனையை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று உங்கள் மகன் ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தான். நீங்களோ அந்த மனையில் உங்களுக்கென்று இரண்டு அறை கட்டியே தீருவது என்றிருந்தீர்கள். "அவன் வீட்ல எனக்கு ஒரு கொறையும் வராது மக்கா. ஆனா விருந்தாளியா எத்தன காலம் உக்காந்திருக்க?" என்றீர்கள். திருவனந்தபுரத்தில் பெரிய கட்டடக் கலைஞர் ஒருவர், சுவரைப் பூசாமல் சிக்கனமாகத் தனக்கே கட்டி வாழ்ந்த வீடு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். நாகர்கோவிலிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்த ஆட்டோ மேடேறி, செங்கல் தெரிகிற ஒரு வீட்டு முன்னால் நின்றது. நான் சில்லறை வாங்குவதற்குள் நீங்கள் கேட்டைத் திறந்து போயாயிற்று. கதவைத் திறந்த அம்மாளிடம், "நாகர்கோவில்ல இருந்து வாறோம். வீட்டப் பாக்கணும்" என்றீர்கள். அவர் முகம் மலர்ந்ததே!

"வரணும், வரணும். உள்ள வந்து இரிக்கணும்."

நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி சுடச்சுட வந்தது, சாயா வந்தது. "பெரிய மனுஷன் வீடுன்னா சும்மாவா?" என்று என் காதில் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு உங்களை யார் பிடிப்பது? சுவரைத் தடவினீர்கள். அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்தீர்கள். படுக்கையறையில் முழங்கால் உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் முன்னால் நின்று, கட்டிலில் உட்கார்ந்து, பிறகு படுத்தே பார்த்துவிட்டீர்கள்.

"மக்கா, படுத்துக்கிட்டே தெரு முழுக்கத் தெரியுது. முட்டுவலிக்காரிக்குன்னே யோசிச்சு வச்சிருக்காரு பாரு. என்னா மூள!"

அம்மாள் குழம்பிப் போனார். "மூளையா? மேஸ்திரிக்கு அளவு தெத்தி, ஜன்னல் தாழப் போச்சு. அதுல அவனுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் வழக்காகி, சுவரு பூசாமலே போயிட்டான். பின்ன அப்படியே கெடக்குது."

"வீட்டுக்காரருன்னா... ஆர்க்கிடெக்ட் ஐயா?"

"ஆர்க்கிடெக்டா? அவருக்குச் சாலை மார்க்கெட்டுல ஆணி, தாப்பாக் கடையல்லோ! நிங்க மருமகளோட பெரியம்மை இல்லியா? இன்னிக்கு வீடு காண வருவாங்கன்னு அவ சொன்னாளே!"

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "அவங்க வந்தா குடுக்கப் பழம்பொரி மிச்சம் இருக்குல்லா?" என்று கேட்டீர்கள். அம்மாள் சிரித்துச் சிரித்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். பிறகு அவரே கூட வந்து வழி காட்டினார்.

உண்மையான வீடு இன்னும் மேலே, சரிவில் இருந்தது. செங்கல் இடைவெளிகள் வழியே வெயில் தரையில் பொட்டுப் பொட்டாய் விழுந்து கிடந்தது. அங்கே நீங்கள் எதையும் திறக்கவில்லை, தடவவில்லை. "பாறைய ஒடைக்காம, மரத்த வெட்டாம, தனக்கு வேண்டியதுபோல இருந்திருக்காரு. யார்ட்டயும் கேட்டிருக்க மாட்டாரு" என்றீர்கள். வெளியே வந்ததும் மகனுக்குப் போன் போட்டீர்கள். "மனைய விக்கல மக்கா. ஜன்னல எங்க வைக்கணும்னு தெரிஞ்சு போச்சு."

நம் மேஸ்திரி எவ்வளவு சண்டை போட்டார்! முழங்கால் உயரத்தில் ஜன்னல் வைத்தால் ஊர் சிரிக்கும் என்றார். "திருவனந்தபுரத்துல பெரிய ஆளு ஒருத்தரு வச்சிருக்காரு" என்று அவர் வாயை அடைத்தீர்கள். கடைசி மாதங்களில் எழுந்திருக்க முடியாமல் போனபோதும், அந்தக் கட்டிலில் கிடந்தபடியே மீன்காரியிடம் நெத்திலிக்குப் பேரம் பேசினீர்கள். பார்க்க வந்த மகன், உங்கள் காலடியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். சென்னைப் பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். முன்பின் தெரியாத வீடு. அடுக்களை வாசலில் நின்று, "உள்ள வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேவிட்டேன். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை, மைனி.