எடைக்குப் போட வேண்டிய ஜீப்

மார்ச் 4

ஜீப் வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வாசல் தூணில் ஒரு இடி இடித்துவிட்டு நின்றது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பின் மூலையிலிருந்துதான் ஒரு கை அளவு துரு கொட்டியது.

சிஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சிஸ்டர் என்பது என் மனைவி. நர்ஸ் வேலை பார்த்தவளை உலகமே அப்படித்தான் கூப்பிடும். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவள் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மலைமேல் ஊர்களுக்குத் தடுப்பூசி கொண்டு போக அவளே ஓட்டிக்கொண்டிருந்த அதே ஜீப்பைத் துறை ஏலம் விட்டிருக்கிறது. இவள் போய் எடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இத வச்சு என்ன பண்ணப் போற?"

"ஓட்டப் போறேன்."

அதன் தரையில் இருக்கிற ஓட்டை வழியாக எங்கள் வாசல் சிமென்ட் தெரிகிறது. இதில் ஓட்டப் போகிறாளாம்.

மார்ச் 5

ஒரு சந்தேகம். ஒருவனுக்கு இரண்டு மனைவி என்றால் ஒருத்திக்கு மற்றவள் சக்களத்தி. என் நிலைமையில் இருக்கிற ஆணுக்கு அப்படி ஒரு சொல் உண்டா? பாடநூல் அச்சகத்தில் ஒரு ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன் நான். அப்படி ஒன்று கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. அந்த ஆள் காற்றிறங்கிய டயர்களோடு வாசலில் நிற்கிறான்.

மாதத்தில் பாதி நாள் இந்த ஜீப்தான் அவளைக் கொண்டுபோனது. மகளுக்குச் சடை பின்னியது நான். காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டது நான். ஒருவழியாக வீட்டோடு வந்து சேர்ந்தாளே என்று நிம்மதியாக இருந்தேன். நல்லா வேணும் எனக்கு.

மார்ச் 9

வேலைப் பிரிவினை முடிவாயிற்று. சிஸ்டருக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது, தரையில் படுத்து எழ முடியாது. ஆகவே வண்டிக்கு அடியில் போவது நான். ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போடுவது அவள்.

"நட்டு கழலுதா?"

"கழலல."

"மண்ணெண்ணெய் விட்டு ஊற வைங்க."

"நட்டு எங்க ஊறுது? நான்தான் ஊறிப்போய்க் கிடக்கேன்."

மார்ச் 10

முதுகு போச்சு.

மார்ச் 16

வெல்டர் வந்து பார்த்தார். பெரிய உடம்பு. வண்டிக்கு அடியில் அவரால் தோள் வரைதான் போக முடிந்தது. அவளை அக்கா என்கிறார், என்னை சார் என்கிறார். யார் சொன்னால் வேலை நடக்கும் என்பதை வந்தவுடனே கண்டுபிடித்துவிட்டார்.

"மேல இருக்கிற பாடி எவ்வளவு போனாலும் பரவாயில்லக்கா, வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சிரலாம். அடியில நீளமா ரெண்டு சட்டம் ஓடுது பாருங்க, சேஸிஸ், அது போயிருந்தா மட்டும் மனசத் தேத்திக்கிட்டு எடைக்குப் போட்டுருங்க. மலைப் பாதையில ரெண்டா முறிஞ்சிரும்."

சேஸிஸ் மேல் பழைய தார் கனமாக அப்பிக் கிடக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அங்குலம் அங்குலமாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டுமாம். ணங் என்றால் நல்ல இரும்பு, தொப் என்றால் உள்ளே செத்துவிட்டது. செத்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைக்கச் சொன்னார்.

வட்டம் போடுவதா? அதைத்தானே இத்தனை வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

மார்ச் 30

பாடி முழுக்கத் தட்டி முடித்தாயிற்று. சேஸிஸ் தாரைச் சுரண்டுவதுதான் இன்னும் முடியவில்லை. வட்டம் போடாத இடத்தை எண்ணுவதுதான் சுலபம். அவள் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க, நான் பின்னாலேயே சிவப்பு பிரைமர் அடித்துக்கொண்டு போகிறேன். இரண்டு பேர் முகத்திலும் துருப்பொடி. டீயில் துரு. தலையணை உறையில் துரு.

ஒவ்வொரு நசுங்கலுக்கும் அவளிடம் ஒரு கதை இருக்கிறது. இது பாறை உருண்டு வந்து இடித்தது. இது மாடு முட்டியது. பின்சீட்டுக் கம்பி வளைந்திருப்பது ஒரு பிரசவத்தின்போது அந்தப் பெண் பிடித்து இழுத்ததில். குழந்தை வண்டியிலேயே பிறந்துவிட்டதாம்.

"இதெல்லாம் நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீங்க கேட்டாத்தானே. வீட்டுக்குள்ள கால வைக்கிறதுக்குள்ள, மறுபடி எப்பப் போறன்னுதான் கேப்பீங்க."

உண்மைதான். வேறென்ன கேட்பேன்?

நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இங்கே எழுதிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு இப்படிச் சேர்ந்தாற்போல் இருந்ததே இல்லை. இந்த வேலை முடியவே வேண்டாம் என்று இருக்கிறது. துரு இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 13

போன் வந்தது. மலை ஊர்களில் வைத்தியம் பார்க்கிற ஒரு தொண்டு அமைப்பாம். மேலே போக ஆள் இல்லை, வண்டியும் இல்லை, மாதத்தில் பாதி நாள் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஜீப் ஓடினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

என்னிடம் "போகட்டுமா" என்று கேட்கவில்லை. "போறேன்" என்றாள்.

மறுபடியும் பாதி நாள். மறுபடியும் நான், இந்த நாலு சுவர், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மகளும் இப்போது இல்லை, அவள் வீட்டில் அவள் இருக்கிறாள். நான் யாருக்குச் சடை பின்ன?

ஏப்ரல் 15

இன்று சேஸிஸ் தட்டினேன். அவள் வழக்கம்போல் ஸ்டூலில்.

தாருக்கு அடியில் இரும்பு கருகருவென்று இருந்தது. தார்தான் காப்பாற்றியிருக்கிறது. இடது சட்டம் முழுக்க ணங். வலது சட்டம் முழுக்க ணங். ஒரு இடத்தில்கூடத் தொப் இல்லை.

"என்னங்க, எப்படி இருக்கு?"

போச்சு என்றேன்.

அப்படியே வந்துவிட்டது வாயில். வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. சாக்பீஸை எடுத்து நல்ல இரும்பில் வட்டம் போட்டேன். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஸ்பிரிங் பக்கத்தில் பெரிதாக ஒன்று. எல்லா வட்டமும் கோணாமல் விழுந்தது. அதுதான் ஆச்சரியம்.

வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 16

பழைய இரும்பு வாங்குகிறவருக்கு அவளே போன் செய்துவிட்டாள். சனிக்கிழமை வருகிறார்.

ஏப்ரல் 17

சோறு இறங்கவில்லை. என் வேலையில் பிழையைப் பார்க்காமல் விட்டதுண்டு. எல்லோரும் விடுவார்கள். ஆனால் இல்லாத பிழையை இருக்கிறது என்று ஒருநாளும் குறித்ததில்லை. சின்னப் பையன்கள் படிக்கிற புத்தகத்துக்குக் காட்டிய நேர்மையைக் கட்டியவளுக்குக் காட்டவில்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்ல? தப்பாகக் கேட்டுவிட்டது என்று சொல்லலாமா? அது இன்னொரு பொய். சீ.

ஏப்ரல் 19

சனிக்கிழமை. காலையில் வாசலுக்கு வந்தால் சிஸ்டர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். வாளி, சோப்பு, பழைய துணி. கண்ணாடி, ஸ்டியரிங், மீட்டர் இடுக்கு எல்லாம் தேய்க்கிறாள். பொணத்தைக் குளிப்பாட்டுற மாதிரி. எடைக்குப் போற வண்டியை யாராவது கழுவுவாங்களா?

வாளியை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"சிஸ்டர், சேஸிஸ் நல்லாத்தான் இருக்கு. ஒரு இடத்துலகூட போகல. நான் பொய் சொல்லிட்டேன்."

துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"ஸ்டூல்லதான உட்கார்ந்திருந்தேன், காதையுமா கழட்டி வச்சிருந்தேன்? ணங் ணங்னு கேட்டுச்சு. அப்புறம் நீங்க போச்சுன்னீங்க. எப்ப சொல்லுவீங்கன்னு நாலு நாளாப் பாத்துட்டிருக்கேன்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

"எடைக்குப் போட்டிருப்பேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இரும்பு வியாபாரி வந்தார். வண்டியைக் கொடுக்கவில்லை என்று சொன்னது நான்தான். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார், கேட்டுக்கொண்டேன். அவருக்கு டீ கொடுத்த சிஸ்டர் எனக்குக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 20

பேசவில்லை.

ஏப்ரல் 21

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று சொன்னேன். நீ போய்விடுவாய் என்ற பயம், வேறொன்றும் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டாள். "அத வாயத் திறந்து சொல்லியிருந்தா நான் உக்காந்து பேசியிருப்பேன். இப்ப நீங்க சொல்ற எதையும் ரெண்டு தடவ பாக்கணும் போல இருக்கு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நோயாளியிடம் சுகர் எவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

சாயங்காலம் வெல்டர் வந்தார். சேஸிஸில் என் வட்டங்களைப் பார்த்துவிட்டு அவரே ஒரு தடவை தட்டினார்.

"என்ன சார் இது, நல்ல இரும்புல யாரு கிறுக்கினது?"

"சார்தான் பிழை திருத்தினாரு" என்றாள் சிஸ்டர்.

நான் ஈரத்துணி எடுத்துக்கொண்டு அடியில் போய் எல்லாவற்றையும் துடைத்தேன்.

மே 11

தரைக்குப் புதுத் தகடு வைத்தாயிற்று. கதவு இரண்டும் பொருந்திவிட்டன. எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது, ஒன்றைத் தவிர. நான் செய்கிற வேலையை எல்லாம் அவள் மறுபடி பார்க்கிறாள். "பிரேக் ஆயில் ஊத்தினீங்களா?" "ஊத்திட்டேன்." மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கிறாள். "நட்டு முறுக்கிட்டீங்களா?" "முறுக்கிட்டேன்." ஸ்பேனரை வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 25

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று கேட்டாள். அணைத்துவிட்டேன் என்றேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜூன் 8

எஞ்சின் பிடித்தது. இருமி, புகை கக்கி, அணைந்து, நான் சாமியைத் திட்டி, மறுபடி பிடித்தது. வெல்டர் கைதட்டினார். சிஸ்டர் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியர் போட்டு, வாசலிலிருந்து தெருமுனை வரை ஓட்டினாள். திரும்பி வரவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்து வியர்த்திருக்கிறது. இடது காலைக் கையால் தூக்கித்தான் கிளட்சிலிருந்து எடுத்தாள்.

"நாலு தடவ மிதிச்சேன். அஞ்சாவது தடவ முடியல" என்றாள்.

வெல்டரும் நானும் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஜூன் 9

நான் நினைத்தது நடந்துவிட்டது. அவள் எங்கும் போக முடியாது. வீட்டிலேயே இருப்பாள், மாதம் முழுக்க இருப்பாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? சமையலறையில் அவள் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே. அந்தத் தொண்டு அமைப்புக்கு வரமுடியாது என்று சொல்ல போனை எடுத்தாள்.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? ஸ்கூட்டர்லயே திருப்பத்துல கால ஊனுற ஆளு நீங்க."

"கத்துக்கிறேன். நீ சொல்லிக்குடு."

"உங்கள நம்பி மலை ஏறணுமா நான்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் வேறு எதுவோ ஞாபகம் வந்துவிட்டது. போனை மட்டும் கீழே வைத்தாள்.

ஜூன் 22

மைதானத்தில் ஓட்டினேன். வண்டி தவளை மாதிரி தாவுகிறது. "கிளட்ச மெதுவா விடுங்க, மெதுவா, அது என்ன உங்க எதிரியா?" ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

ஜூலை 17

லைசென்ஸ் டெஸ்ட். பின்பக்கமாக எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். அதிகாரி என் வயதைப் பார்த்து "இனிமே எதுக்கு சார்?" என்றார். "நர்ஸ் அம்மாவக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். மறுபடி வரச் சொன்னார். கம்பத்தை நானே நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 2

பாஸ்.

மகள் போனில் அழுகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்பா, ஹாரனாவது அடிக்கத் தெரியுமா?"

ஆகஸ்ட் 30

முதல் தடவை மேலே போய்விட்டு இன்று இறங்கினோம். ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அவள் வாய் ஓயவில்லை. ரெண்டாவது போடுங்க, ஓரம் பாருங்க, கல்லு. அவள் வலது கால் தன் பக்கத்துத் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.

மேலே அவள் ஊசி போடும் நேரமெல்லாம் நான் பெட்டியைத் திறந்து கொடுத்தேன், பெயர் எழுதினேன், கை ஓய்ந்த நேரம் வண்டியைத் துடைத்தேன். என்னை டிரைவர் என்றுதான் நினைத்தார்கள். ஒரு பெண்மணி, "டிரைவர் தம்பி, சிஸ்டரப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அறுபது தாண்டிய தம்பி.

இறங்கும்போது பாதி தூரம் வரை பேசிக்கொண்டு வந்தாள். அப்புறம் சத்தம் இல்லை. வலிக்கிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். தூங்குகிறாள். தலை கதவில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. பஸ்ஸில்கூடக் கண் மூடாதவள், இந்தப் பாதையில், இந்த வண்டியில், நான் ஓட்டும்போது.

வளைவுகளில் அடிக்க வேண்டிய ஹாரனை அடிக்காமல், ஊர்ந்து ஊர்ந்து திரும்பினேன். கீழே ஒரு இடத்தில் மட்டும் எதிரே லாரி வந்துவிட்டது, அடித்தேன்.

கண்ணைத் திறக்காமலே "என்னது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, லாரி. போயிருச்சு."

"ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள்.