தேவானந்தம் அங்கிள் வாசிக்க வேண்டிய கவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அஸ்தினாபுரத்தில் வெயில் ஆரம்பித்துவிட்டதா?

இரண்டு பிசினஸ் ஸ்கூலிலும் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒன்றில் என் தோழிகள் எல்லோரும் சேர்கிறார்கள். மற்றது ஜாய்சன் படிக்கும் இடம். நான் அதைத்தான் எடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆராதனையில் வாசிக்கச் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் என் பெயரை எழுதி நான் கொடுத்தபோது, நம் சபைச் செயலாளர் தேவானந்தம் அங்கிள் என்ன சொன்னார்? "அமெரிக்கா போயும் கம்யூனிட்டி காலேஜா? அது நம்மூர் டுடோரியல் மாதிரிம்மா. நல்ல காலேஜ் கிடைக்கட்டும், அப்ப வாசிக்கலாம்." அடுத்த கவர் அவர் மகன் ஜாய்சனுடையது. அதை மைக்கில் இரண்டு முறை வாசித்தார்.

இந்தக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்ததை ஏற்றுக்கொண்டு என்னை நேராக மூன்றாம் வருஷத்தில் சேர்க்கிறார்கள். இனி ஜாய்சனும் நானும் ஒரே வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கவரில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். பாஸ்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். அங்கிளே வாசிக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது. அம்மாவிடம் பருப்புப்பொடியைக் குறைத்தே அனுப்பச் சொல்லுங்கள். தோழிகளுக்கும் சேர்த்து இடிக்க வேண்டாம். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ஜாய்சன்தான்.

அபிகாயில்