பெட்டி முதலில் புறப்பட்டது

ஜூன் 4, 1994. சனி

காலையிலிருந்து மழை. சென்ட்-ஆன் கால்வாய்ப் பக்கம் ஈ, காக்கை இல்லை. டிராவல் ஏஜென்ட் கொடுத்த வண்ணப் புத்தகம் மேஜையில். ஸ்பெயின், மத்தியதரைக் கடல், மணலை ஒட்டி விடுதி, மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே. நான் சமைக்க வேண்டாம்! கனடா வந்த இருபது வருஷமாக லீவு என்றால் கோயமுத்தூர்தான். முதல் தடவையாக, எங்களுக்காக யாரும் காத்திருக்காத ஊருக்குப் போகிறோம்.

மூன்று டிக்கெட்டும் புக் ஆயிற்று. ஜூன் 25, இரவு எட்டு மணி, மிராபெல் விமான நிலையம்.

வாங்க: வெயிலுக்குத் தடவும் கிரீம். எனக்குத் தொப்பி. அனுவுக்கு நீச்சல் உடை (அவள் அப்பா பார்க்கும் முன் பெட்டியில் போடவும்). எனக்கு நீச்சல் உடை? பார்ப்போம்.

ஜூன் 6, திங்கள்

வந்தது வினை. நாத்தனார் அனுப்பும் தமிழ்க் காலண்டரில் என் வீட்டுக்காரர் 25ஐப் பார்த்துவிட்டார்.

"சனிக்கிழமை கிழக்கே சூலம், வசந்தி."

அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் ஆகாதாம். சொல்வது யார்? வயலில் தண்ணீர் வடிகிற கணக்கைப் பாடம் எடுக்கும் பேராசிரியர். கோயிலுக்கு இழுத்துப் போனாலும் காரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்.

ஏஜென்டுக்கு ஃபோன். அந்த விமானம் சனிக்கிழமை மட்டும்தான்.

அனு அட்லஸோடு வந்தாள். பதினைந்து வயது, வக்கீல் வாய். "அப்பா, மிராபெல் நம்ம வீட்டுக்கு வடக்கே இருக்கு. சனிக்கிழமை வடக்கு ஓகேதானே?"

"பிளேன் வடக்கேயே போய் நின்னுடுமா?"

"நாம கிளம்புறப்ப இந்தியாவுல ஞாயித்துக்கிழமை ஆயிடும்."

"சூரியன் இங்க உதிக்கிறதுதான் கணக்கு."

எதற்கும் பதில் வைத்திருக்கிறார். சிரிப்பை அடக்க முடியாமல் அப்பளம் பொரிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 12, ஞாயிறு

நல்ல வெயில். அவர் கார் கழுவ, நான் குழாய் பிடிக்க. கேட்டே விட்டேன், கேன்சல் பண்ணிடலாமா என்று.

டயரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். முதன்முதலில் கனடாவுக்குக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. கோயமுத்தூரிலிருந்து மெட்ராஸுக்கு ரயில், கிழக்கே. அன்றைக்கும் சூலம். மாமனார் டம்ளரில் தயிரோடு பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டாராம். தயிர்தான் பரிகாரம். "ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஏறு கண்ணு." இவர் புது கோட்டு, புது டை, சுற்றிலும் சிநேகிதர்கள். வெட்கப்பட்டு, "வேண்டாம்ப்பா" என்று ஏறிவிட்டார். ரயில் நகரும்போதும் மாமனார் டம்ளரை நீட்டியபடியே நின்றாராம். எட்டே மாதத்தில் போய்விட்டார். இவரால் காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

"நம்பிக்கைன்னு இல்ல வசந்தி. தைரியம் இல்ல, அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னதே இல்லை. அனுவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

ஜூன் 15, புதன்

பாத்திரம் துலக்கும்போது ஞாபகம் வந்தது. பரஸ்தானம்! அம்மா வீட்டில் செய்வதுண்டு. நல்ல நாளாகப் பார்த்து, போகிற திசையில் இன்னொரு வீட்டில் பெட்டியை வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. 23 வியாழன், கிழக்கே தடையில்லை. கிழக்கே யார் வீடு? பக்கத்து வீட்டு மதாம் ஜினெட்! ஓய்வு பெற்ற நர்ஸ், தங்கமான மனுஷி.

சொன்னேன். யோசித்தார். "பெட்டி திரும்ப நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது, தெரியுமில்ல?"

அதாவது சம்மதம்.

ஜூன் 23, வியாழன்

பெட்டிக்குள் பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம். "பாஸ்போர்ட் இல்லாம என்ன புறப்பாடு?" மாலை ஆறுக்கு மூன்று பேரும் பெட்டியும் ஊர்வலம். மொத்தம் இருபது அடி தூரம். அனு ஃபிரெஞ்சில் விளக்கினாள்: பயணம் தொடங்கிவிட்டது, பத்திரம், எங்கள் வீட்டுக்கு மட்டும் திரும்பக் கூடாது. மதாம் சிரிக்கவேயில்லை. பெட்டியைக் குழந்தை மாதிரித் தட்டிக்கொடுத்தார்.

அவர் ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜூன் 24, வெள்ளி

சென்-ஜான், இந்த மாகாணத்துப் பெரிய திருவிழா. விடுமுறை. தெருவெல்லாம் நீலக் கொடி. படிக்கிற கண்ணாடியும் பெட்டிக்குள் போய்விட்டதாம், எடுக்கப் போனார். மணி அடித்தார், அடித்தார். பதில் இல்லை. மதாமின் காரும் இல்லை.

எப்படி மறந்தோம்? வருஷா வருஷம் சென்-ஜானுக்கு மலைப்பக்கம் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடுவார். திங்கள்தான் வருவார். அங்கே ஃபோனும் கிடையாது.

"இதான் சூலம்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். யோசனை என்னுடையது.

அனுதான் ஃபோனில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்தாள். நாங்கள் தூங்கும்போது மதாம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். அனு தமிழில் சொன்னாள்: "பூட்டின வீட்டுல உங்க பயணத்தைத் தனியா விட மனசு வரலையாம். ஏரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அங்கிருந்து மிராபெல் பக்கம், நாளைக்கு அஞ்சு மணிக்குக் கொண்டு வந்துடுவாங்களாம்."

அவர் வரைபடத்தை விரித்து ஸ்கேல் வைத்தார். "நேர் வடக்கு. வெள்ளிக்கிழமை வடக்கே ஒண்ணும் இல்ல." சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் அந்தப் பதிவை நாலு தடவை போட்டுக் கேட்டார்.

ஜூன் 25, சனி. மிராபெல்

5.00. காணோம்.

5.20. காணோம். அவர் தூணைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

5.40. மதாம் வந்துவிட்டார்! கன்னத்தில் திருவிழாவுக்கு வரைந்து பாதி அழிந்த நீலப் பூ, பெட்டிச் சக்கரத்தில் பைன் ஊசிகள். வழியில் கார் நெரிசலாம். அவர் மதாமின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெர்சி, மெர்சி." விட்டால் காலில் விழுந்திருப்பார்.

பெட்டி உள்ளே போயிற்று. இப்போது விமானம் ஏறும் வாசலுக்கு முன்னால் நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் உறைய வைத்த தயிரை ஃபிரிட்ஜிலேயே விட்டு வந்திருக்கிறேன். சொல்லவே பயம். அவரையும் காணோம்.

வந்தார். கையில் கடைத் தயிர், ஒரே ஒரு கப், ஸ்ட்ராபெரி போட்டது. "இதுதான் இருந்துச்சு." ஸ்ட்ராபெரி செல்லுமா? யாரைக் கேட்பது? அவர் ஒரு வாய். நான் ஒரு வாய்.

அனு ஹெட்போனோடு எதிரில். அவளைச் சுற்றி அவள் வயசுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர் ஸ்பூனை அவளிடம் நீட்டினார். நீட்டியபடியே நின்றார். பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள்.

அனு ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. வாயைத் திறந்தாள்.