மிளகாய்த்தூள் இருமல்

சிங்கப்பூர், ஞாயிறு, மார்ச் 9, 1958

காலையிலிருந்து மழை. ஜன்னலோரக் கட்டில், ஆகவே தலையணை ஈரம். மாற்றித் தரச் சொன்னால் நர்ஸ் மிஸ்ஸி "நாளைக்கு" என்பார். இந்தக் காசநோய் வார்டில் எல்லாமே நாளைக்குத்தான். வீடும்.

காற்று இந்தப் பக்கம் அடித்தால் சிராங்கூன் சாலைக் கோயில் மணி கேட்கிறது. நடந்தே போய்விடலாம். ஆனால் வாசலில் காவல்கார ஜாகா, தடியோடு.

கஞ்சி. ஊசி. பாஸ் என்ற மருந்துப் பொடி. பெயர்தான் பாஸ், விழுங்குகிறவன் எல்லாம் ஃபெயில்.

சளிப் பரிசோதனையில் தொடர்ந்து மூன்று முறை கிருமி இல்லை என்று வந்தால் வீடு. எனக்கு இரண்டு ஆகிவிட்டது. நாளை மூன்றாவது. போன தடவையும் இப்படித்தான், மூன்றாவதில் வழுக்கி மறுபடி முதலிலிருந்து. இன்னொரு முறை வழுக்கினால் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே ஒரு திட்டம்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். மசாலா மில்லில் மிளகாய் அரைப்பவன். அவன் வந்தால் வார்டே தும்மும். கழுவிய தைலப் புட்டியை நீட்டினேன்.

"என்னடா இது?"

"துப்பு."

"எதுக்கு?"

"உன் சளி சுத்தம்ணே. நாளைக்கு அதை என் டப்பாவுல ஊத்திடுவேன். வியாழக்கிழமை நெகட்டிவ். வெள்ளிக்கிழமை வீட்டுல தோசை."

திட்டினான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். இருமி இருமித் துப்பினான். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு எப்போதும் அந்த இருமல்தான், மிளகாய்த்தூள் தொண்டையில் குடியிருக்கும். சரக்குக்குப் பஞ்சமில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதே லா," என்றான் புட்டியை மூடிக் கொடுத்து.

திங்கள்

டப்பாவில் சளியை மாற்றியாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் காதர் பாய் பார்த்துவிட்டார். துணிக்கடைக்காரர். நோயில் எனக்கு சீனியர்.

"தம்பி, என்ன சர்பத் கலக்குறே?"

"மருந்து, பாய்."

"மருந்துக்கு ஏன்டா இந்தத் திருட்டு முழி?"

விசிலடித்துக்கொண்டே நழுவினேன். பாதியில் மூச்சு நின்றது.

புதன்

வெயில். பெட்டியில் சட்டையை மடித்து வைத்தேன். எடுத்து மறுபடி மடித்தேன். மதியம் மீன். நாற்றம்.

வியாழன்

பாசிட்டிவ்.

மிஸ்ஸி சொன்னபோது முதலில் சிரிப்புதான் வந்தது. சொந்த அண்ணனின் எச்சிலே கழுத்தை அறுத்துவிட்டதே! பிறகு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது என் சளி இல்லை. கிருமி அவனுக்கு. மில் தூசி என்றான் அவன். அம்மாவும் அதையேதான் சொன்னாள். நானும்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அண்ணன் இருமிக்கொண்டே அரைப்பான். வாயைத் திறந்தால் அவனையும் கொண்டுவந்து இதற்குள் அடைப்பார்கள். இந்த ஈரத் தலையணைக்குள். காட்டிக்கொடுத்தவன் நான்.

பாயிடம் கொட்டினேன்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சது, நோயின்னு?"

"ரத்தம் கக்கினேன்."

"அவன் இன்னும் கக்கலையே லா. ஏன்டா உக்காந்திருக்கே? ஓடு!"

ஓடினேன். அதாவது, சுவரைப் பிடித்தபடி நடந்தேன்.

மிஸ்ஸி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அண்ணன் பேரு? எங்க வேலை?" என்று மட்டும் கேட்டார்.

திங்கள், மார்ச் 17

எக்ஸ்ரேயில் அண்ணனுக்கு இடது நுரையீரலின் மேல் மூலையில் சின்னப் புள்ளி. அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

"சின்னதா இருக்கறப்பவே மாட்டிக்கிச்சு. உனக்கு முன்னாடி அவன் வீட்டுக்குப் போனாலும் போயிடுவான்," என்றார் மிஸ்ஸி. எனக்கு மறுபடி முதலிலிருந்து. நான் துப்பி முடிக்கும்வரை போலீஸ் மாதிரி பக்கத்திலேயே நின்றார்.

மதியம் எதிர்க் கட்டிலுக்கு அண்ணன். கையில் துணி மூட்டை. படுத்துக் கூரையையே பார்த்தான். நானும் முதல் நாள் அப்படித்தான் பார்த்தேன்.

"எவ்வளவு நாள் ஆகும்டா?"

நல்ல புளுகு ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"ரொம்ப நாள்ணே. ஆனா போறாங்க. பெட்டியைத் தூக்கிட்டு, தானா நடந்து. நானே பார்த்திருக்கேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

செவ்வாய்

மேகமூட்டம். அண்ணனுக்கு முதல் ஊசி. மிளகாய் மூட்டையைத் தோளில் தூக்குகிறவன், போர்வையைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"ஐயோ... முடிஞ்சிருச்சா மிஸ்ஸி?"

மிஸ்ஸி அப்போதுதான் பஞ்சையே எடுத்தார்.

சிரித்தேன். கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து, "எருமை! உன்னாலதான்டா எல்லாம்!" என்று கத்திவிட்டு அவனும் சிரித்தான். உடனே இருமினான். இந்த வார்டில் சிரித்தால் இருமல்தான், யாரும் தப்பியதில்லை. நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் இருமலுக்காகக் காத்திருந்தேன்.

பாய் எழுந்து உட்கார்ந்தார்.

"டேய் தம்பி. நீ இருமலையே லா."